வைட் ரிசீவர் எத்தனை பேர் வேண்டும்? என்எஃப்எல் அணித்தேர்வு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வொரு ஆகஸ்ட் கடைசியிலும், அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லின் ரசிகர்களுக்குள் இந்தச் சண்டை வந்துவிடும். நம் அணி, எறியப்படும் பந்தைப் பிடிக்க ஓடும் வைட் ரிசீவர்களில் ஐந்து பேரை வைத்துக்கொள்ளுமா, ஆறு பேரையா, ஏழு பேரையா? பயிற்சி ஆட்டத்தில் இரண்டு டச்டவுன் (எதிரணியின் எல்லைப் பகுதிக்குள் பந்தைக் கொண்டுசேர்ப்பது) போட்ட பையனை எப்படி வெளியே அனுப்பலாம்? ஆட்டத்தைப் பார்க்கத் தெரிந்தும், பட்டியல் விதிகள் பிடிபடாமல் இருப்பவர்களுக்காக இந்தப் பதில்கள்.

மொத்தம் எத்தனை இடங்கள் இருக்கின்றன?

கோடைப் பயிற்சி முகாமில் ஓர் அணி 90 வீரர்கள் வரை வைத்திருக்கலாம். சீசன் தொடங்கும் முன் அதை 53 ஆகக் குறைக்க வேண்டும். முன்பெல்லாம் படிப்படியாகக் குறைப்பார்கள். 2023 முதல் ஒரே நாளில் 90இலிருந்து 53. அதாவது ஒவ்வோர் அணியிலும் ஒரே நாளில் 37 பேர் வரை இடம் இழக்கிறார்கள்.

அந்த 53இல் உதைப்பவர், பன்ட் அடிப்பவர் (பந்தைக் கையிலிருந்து விட்டுத் தொலைவுக்கு உதைத்து எதிரணியிடம் கொடுப்பவர்), அவர்களுக்குப் பந்தைப் பின்னால் எறிந்து தரும் லாங் ஸ்னாப்பர் என்று மூன்று பேர் போய்விடுவார்கள். மீதி 50 பேரில் ஏறத்தாழ பாதி பந்தோடு முன்னேறும் ஆஃபென்ஸுக்கு, பாதி அதைத் தடுக்கும் டிஃபென்ஸுக்கு. ஆஃபென்ஸின் 25 இடங்களுக்குள் பந்தை எறியும் குவார்ட்டர்பேக் இரண்டோ மூன்றோ, பந்தோடு ஓடும் ரன்னிங் பேக் மூன்றோ நான்கோ, தடுக்கவும் பிடிக்கவும் செய்யும் டைட் எண்ட் மூன்று, குவார்ட்டர்பேக்கைக் காக்கும் லைன்மேன் ஒன்பது. இதையெல்லாம் கூட்டிக் கழித்தால் ரிசீவர்களுக்கு மிஞ்சுவது ஆறு முதல் எட்டு இடங்கள்தான். வேறு எங்கே ஒருவர் கூடினாலும் அதுவும் குறையும்.

அப்படியானால் வழக்கமான எண்ணிக்கை என்ன?

ஐந்து அல்லது ஆறு. ஏழு பேரை வைத்துக்கொள்ளும் அணிகளும் உண்டு, ஆனால் அதற்குத் தனிக் காரணம் இருக்கும். பெரும்பாலும் அந்த ஏழாமவர் பெயரளவில்தான் ரிசீவராக இருப்பார்.

களத்தில் ஒரே நேரத்தில் மூன்று ரிசீவர்கள்தானே இருக்கிறார்கள்? ஆறு பேர் எதற்கு?

இன்றைய என்எஃப்எல்லில் அதிகம் காணப்படும் அமைப்பு ஒரு ரன்னிங் பேக், ஒரு டைட் எண்ட், மூன்று ரிசீவர்கள். அந்த மூன்று பேருக்கும் ஒரே வேலை இல்லை. எக்ஸ் எனப்படுபவர், பந்து வைக்கப்படும் கோட்டின் மேலேயே நிற்பார். ரிசீவர்களைத் தடுப்பதே வேலையான எதிரணி கார்னர்பேக் நெஞ்சோடு நெஞ்சாக வந்து மறித்தாலும் பிய்த்துக்கொண்டு ஓட வேண்டும். இசட் கோட்டுக்கு ஓரடி பின்னால் நிற்பதால் அவரை ஸ்னாப்புக்கு (பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டத்துண்டைத் தொடங்குவது) முன் இங்கும் அங்கும் நகர்த்தலாம். ஸ்லாட்டில் நிற்பவர் உள்பக்கம், நெரிசலில் வேலை பார்ப்பவர்.

எனவே மூன்று பேருக்கு மூன்று மாற்று என்று கணக்குப் போட்டால் ஆறு வரும். ஆனால் பயிற்சியாளர்கள் அப்படிக் கணக்குப் போடுவதில்லை. எக்ஸ், இசட் இரண்டையும் ஆடத் தெரிந்த ஒருவர் நான்காமவராக இருந்தால் இரண்டு இடங்களுக்கு ஒரே மாற்று போதும். ஸ்லாட்டுக்கு ஐந்தாமவர். அதோடு பந்து பிடிக்கும் தேவை தீர்ந்துவிடுகிறது. ஆறாவது இடத்துக்குப் பந்து பிடிப்பதை விடப் பெரிய காரணம் வேண்டும்.

ஆறாவது ரிசீவர் ஐந்தாமவரோடுதானே போட்டி போடுகிறார்?

பெரும்பாலானோர் நினைப்பது அப்படித்தான். இந்த விவாதம் முழுக்கத் தடம் மாறுவதும் இங்கேதான்.

ஆறாவது ரிசீவரின் உண்மையான போட்டியாளர் ரிசீவரே இல்லை. நான்காவது டைட் எண்ட், பத்தாவது லைன்மேன், ஆறாவது கார்னர்பேக், ஐந்தாவது லைன்பேக்கர், இவர்களில் ஒருவர்தான். 53ஆவது இடத்தில் யார் உட்கார்ந்தால் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் அணிக்கு உதவும் என்பதுதான் பொது மேலாளர் முன் இருக்கும் கேள்வி. அந்த அளவில் எல்லோருக்கும் ஒரே தேர்வு: ஸ்பெஷல் டீம்ஸ், அதாவது பந்தை உதைக்கும் தருணங்களில் மட்டும் இறங்கும் அணி. பன்ட் அடிக்கும்போது ஓரத்திலிருந்து பாய்ந்து போய்த் திரும்புபவரைச் சாய்க்கும் கன்னர் வேலையைச் செய்வாரா? பந்தை எதிரணிக்கு உதைத்து ஆட்டத்தைத் தொடங்கும் கிக்ஆஃப் அணியில் ஓடுவாரா? எதிரணியின் கன்னரைத் தடுத்து நிறுத்துவாரா? கிரிக்கெட் உலகக் கோப்பைக்கு 15 பேரைத் தேர்ந்தெடுக்கும்போது கடைசி இடத்துக்கு நல்ல மட்டையாளரை விட, கொஞ்சம் மட்டை பிடித்து, நான்கு ஓவர் வீசி, பாயின்டில் பாய்ந்து பிடிப்பவர் வருவதைப் பார்த்திருப்பீர்கள். அதே நியாயம்தான் இங்கும்.

இதன் உச்சம் மேத்யூ ஸ்லேட்டர். நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் 2008இல் டிராஃப்டின் (அணிகள் கல்லூரி வீரர்களை முறைவைத்து எடுக்கும் நிகழ்வு) ஐந்தாம் சுற்றில் எடுத்த வீரர். பட்டியலில் வைட் ரிசீவர் என்றே எழுதியிருக்கும். 16 சீசன்கள் ஆடினார். மொத்தமாகப் பிடித்த பாஸ் ஒன்றே ஒன்று, 2011இல் மயாமிக்கு எதிராக 46 யார்டு. ஆனால் பத்து முறை, லீக்கின் நட்சத்திர வீரர்களுக்கான புரோ பவுலுக்குத் தேர்வானார், எல்லாம் ஸ்பெஷல் டீம்ஸ் ஆட்டத்துக்காக. பேட்ரியட்ஸ் ஆறு ரிசீவர்களை வைத்திருக்கிறது என்று யாராவது எண்ணினால், அதில் ஸ்லேட்டரையும் சேர்த்து எண்ணினார்களா என்று கேட்டுவிட வேண்டும்.

இன்னொரு பக்கமும் உண்டு. ஸ்பெஷல் டீம்ஸ் என்பது சிலருக்கு வாசல். ஆடம் தீலன் 2013இல் எந்த அணியாலும் டிராஃப்ட் செய்யப்படாதவர். மினசோட்டா வைக்கிங்ஸின் சோதனை முகாமுக்குப் போய், ஒரு வருடம் பிராக்டிஸ் ஸ்குவாடில், அதாவது 53க்கு வெளியே அணியோடு பயிற்சி செய்யும் குழுவில், இருந்தார். 2014இல் ஸ்பெஷல் டீம்ஸ் ஆடி, தடுக்கப்பட்ட ஒரு பன்ட்டை எடுத்துக்கொண்டு ஓடி டச்டவுனும் போட்டார். அப்படி இடத்தைக் காப்பாற்றிக்கொண்டவர்தான் 2018 சீசனின் முதல் எட்டு ஆட்டங்களிலும் தொடர்ந்து 100 யார்டைத் தாண்டினார். அந்த ஆரம்ப வருடங்களில் அவர் ஸ்பெஷல் டீம்ஸ் ஆட மாட்டேன் என்று சொல்லியிருந்தால் அந்த எட்டு ஆட்டங்கள் வந்திருக்காது.

பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸின் ஆன்டோனியோ பிரவுனும் அப்படித்தான். 2010இல் ஆறாம் சுற்று, 195ஆவது தேர்வு. தன் முதல் ஆட்டத்தில், டென்னஸிக்கு எதிரான தொடக்கக் கிக்ஆஃபை 89 யார்டு ஓடி டச்டவுனாக்கினார். பந்தைத் திருப்பி ஓடும் திறமைதான் அவருக்குத் தொடக்கத்தில் ஆட வாய்ப்புக் கொடுத்தது.

கிக்ஆஃப் விதி மாறியது ரிசீவர் எண்ணிக்கையைப் பாதித்ததா?

நேரடியாக எண்ணிக்கையை மாற்றியது என்று சொல்ல மாட்டேன், ஆனால் கடைசி இடத்தின் மதிப்பை மாற்றியது. 2024இல் வந்த புதிய கிக்ஆஃபில் இரண்டு பேர் வரை பின்னால் நின்று பந்தை வாங்கலாம். 2025இல், பந்து காற்றிலேயே எண்ட் ஸோனுக்குள் (களத்தின் கடைக்கோடிப் பகுதி) போய், யாரும் ஓடாமல் டச்பேக் ஆனால் எதிரணி 35 யார்டு கோட்டிலிருந்து தொடங்கும் என்றாக்கினார்கள். அவ்வளவு தூரம் இலவசமாகக் கொடுக்க யாருக்கும் மனம் வராது. எனவே உதைக்கும் அணிகள் பந்தை உள்ளே விழவைத்து, ஓடவிடத் தொடங்கின. முன்பு பந்தைத் திருப்பி ஓடும் ரிட்டர்னர் ஒருவர் இருந்தால் போதும், அவரும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பார். இப்போது ஓடத் தெரிந்த இரண்டு பேர் வேண்டும். அதில் ஒருவர் பெரும்பாலும் ரிசீவராகவே இருப்பார்.

ஐந்து பேரோடு சீசனைத் தொடங்கி மாட்டிக்கொண்ட அணி இருக்கிறதா?

2019 ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ். எண்ணிக்கை பற்றிப் பேசுகிற எவரும் படிக்க வேண்டிய பாடம் இது.

அல்ஷான் ஜெஃப்ரி, டிஷான் ஜாக்சன், நெல்சன் அகலோர், மேக் ஹாலின்ஸ், இரண்டாம் சுற்றில் எடுத்த புதியவர் ஜேஜே அர்சேகா-வைட்சைட். ஐந்து பேர். காகிதத்தில் அருமையாக இருந்தது. முதல் ஆட்டத்தில் ஜாக்சன் 154 யார்டு, இரண்டு டச்டவுன். அடுத்த வாரமே காயம். நவம்பரில் ஓர் ஆட்டத்துக்குத் திரும்பினார், பிறகு அறுவை சிகிச்சை, அதோடு சீசன் முடிந்தது. டிசம்பர் தொடக்கத்தில் ஹாலின்ஸை அணியே விட்டுவிட்டது. அகலோருக்கு முழங்கால் தொந்தரவு. டிசம்பர் 9 அன்று நியூயார்க் ஜயன்ட்ஸுக்கு எதிரான திங்கட்கிழமை ஆட்டத்தில் ஜெஃப்ரியும் பாதத்தில் அடிபட்டு வெளியேறினார். மிச்சம் அர்சேகா-வைட்சைட்டும் கிரெக் வார்டும்.

வார்டு யார்? ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் குவார்ட்டர்பேக்காக இருந்தவர். அந்த நவம்பர் வரை பிராக்டிஸ் ஸ்குவாடில் இருந்தார். ஜயன்ட்ஸ் ஆட்டத்தின் இடைவேளையில் ஈகிள்ஸ் 3-17 என்று பின்தங்கியிருந்தது. இரண்டு ரிசீவர்களோடு, ஜாஷ் பெர்க்கின்ஸ் என்ற டைட் எண்டை ஓரத்தில் நிறுத்தி, ஓவர்டைமில் 23-17 என்று ஜெயித்தார்கள். அடுத்த ஞாயிறு வாஷிங்டனுக்கு எதிராகக் கடைசி நிமிடத்தில் வெற்றி டச்டவுனைப் பிடித்தவர் அதே வார்டு. அணி 9-7 என்று முடித்துப் பிரிவையும் வென்றது. குவார்ட்டர்பேக் கார்சன் வென்ட்ஸ் அந்த சீசனில் 4,000 யார்டைத் தாண்டி எறிந்தார். ஆனால் அணியின் எந்த வைட் ரிசீவரும் 500 யார்டைத் தொடவில்லை. அதிகபட்சம் ஜெஃப்ரியின் 490.

ஆறாவது ஆளை வைத்திருந்தால் தப்பித்திருப்பார்களா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர்களுடைய ஆறாவது ஆள் வார்டுதான், அவர் பிராக்டிஸ் ஸ்குவாடிலேயே இருந்தார், தேவைப்பட்டபோது வந்தார், வேலையையும் செய்தார். சிக்கல் முதல் ஐந்து பேரில் இருந்தது. ஜாக்சனுக்கு வயது 32, அதற்கு முன்பே காயங்களோடு போராடியவர். ஜெஃப்ரியின் உடம்பும் அப்படித்தான். இருவரும் ஒரே வருடத்தில் விழுந்தால் மூன்றாமவர் முதல்வராக வேண்டும், அகலோரால் அது முடியவில்லை. அர்சேகா-வைட்சைட் முழு சீசனில் 169 யார்டுதான் எடுத்தார். அவரை 57ஆவதாக எடுத்தபோது டிகே மெட்காஃப் இன்னும் மிச்சமிருந்தார், 64ஆவது இடத்தில் சியாட்டல் அவரை எடுத்தது. ஜனவரியில் பிளேஆஃபில் அதே மெட்காஃப் ஈகிள்ஸை எதிர்த்து 160 யார்டு எடுத்து அவர்களை வீட்டுக்கு அனுப்பினார். எத்தனை பேர் என்பதை விட, அந்த ஐந்து பேரில் எத்தனை பேர் டிசம்பரில் நிற்பார்கள் என்று கேட்டிருந்தால் அந்த வசந்த காலத்திலேயே வேறு முடிவு எடுத்திருக்கலாம்.

சரி, ஆறாவது ஆளைப் பிராக்டிஸ் ஸ்குவாடில் வைத்துக்கொண்டால் போதாதா?

இப்போது அது முன்பை விட எளிது. 2019இல் பிராக்டிஸ் ஸ்குவாடில் பத்தே இடங்கள்தான். இப்போது 16. வாரம் இரண்டு பேரை ஆட்டத்துக்கு மட்டும் மேலே எடுத்து, மறுநாள் திரும்ப அனுப்பலாம். ஒரே வீரரை வழக்கமான சீசனில் மூன்று முறை வரை இப்படி ஏற்றலாம். அதற்கு மேல் வேண்டுமென்றால் 53இல் இடம் கொடுக்க வேண்டும்.

ஆபத்து அவர் அங்கே போய்ச் சேரும் வழியில் இருக்கிறது. நான்கு சீசன் அனுபவம் சேராத வீரரை விடுவித்தால் அவர் வேவர்ஸுக்குப் போவார். மற்ற 31 அணிகளில் எது வேண்டுமானாலும் கோரலாம். சீசன் தொடக்கத்தில் முன்னுரிமை முந்தைய வருடம் மோசமாக ஆடிய அணிகளுக்கு. அந்த அணிகளுக்குத்தான் ரிசீவர் பஞ்சமும் இருக்கும். வேவர்ஸைத் தாண்டி வந்த பிறகும் வேறு அணி தன் 53இல் இடம் தருவதாகச் சொன்னால் அவர் போய்விடலாம். வாரம் நான்கு பேரை மட்டும் அணி காத்துக்கொள்ளலாம்.

வீரரின் பக்கமும் பாருங்கள். 2025இல் முதல் வருட வீரர் 53இல் இருந்தால் குறைந்தபட்சச் சம்பளம் 8,40,000 டாலர். பிராக்டிஸ் ஸ்குவாடில் வாரம் 13,000 டாலர். 18 வாரங்களுக்கும் பெருக்கினாலும் மூன்றில் ஒரு பங்கு தேறாது. ஆறாவது இடத்துக்கு ஒரு பையன் உயிரைக் கொடுத்து ஓடுவது ஏன் என்று இதிலேயே தெரியும்.

நடைமுறையில் என் யோசனை இது: மற்றவர்கள் கோரத் தயங்கக்கூடிய, ஆனால் உங்கள் ஆட்டத் திட்டங்கள் அடங்கிய பிளேபுக் முழுக்கத் தெரிந்த ஒருவர் பிராக்டிஸ் ஸ்குவாடில் இருக்கட்டும். இளமையும் வேகமும் உள்ள, எல்லோர் கண்ணிலும் பட்டவரை அங்கே ஒளித்து வைக்க நினைக்காதீர்கள்.

பயிற்சி ஆட்டங்களில் கலக்கிய வீரரை வைத்துக்கொண்டே ஆக வேண்டுமா?

விக்டர் க்ரூஸ் பெயரைச் சொல்லித்தான் எல்லோரும் இந்த வாதத்தைத் தொடங்குவார்கள். டிராஃப்ட் ஆகாத அவர் 2010 ஆகஸ்டில் ஜெட்ஸுக்கு எதிரான பயிற்சி ஆட்டத்தில் மூன்று டச்டவுன் பிடித்தார். ஜயன்ட்ஸ் அவரை 53இல் வைத்தது. அந்த வருடம் தொடைத்தசைக் காயத்தோடு ஒரு பந்தும் பிடிக்காமல் முடிந்தது. அடுத்த வருடம் 1,536 யார்டு, ஜெட்ஸுக்கு எதிராகவே 99 யார்டு டச்டவுன், கடைசியில் லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலில் வெற்றி.

ஆனால் க்ரூஸை எல்லோருக்கும் நினைவிருப்பதே அவர் அபூர்வம் என்பதால்தான். பயிற்சி ஆட்டத்தின் நான்காம் கால்பகுதியில் எதிரே நிற்கும் கார்னர்பேக்கும் அடுத்த வாரம் வேலை தேடப்போகிறவர்தான். எனவே எத்தனை யார்டு என்பதை விட, யாருக்கு எதிராக, எந்தக் கால்பகுதியில் என்று பார்க்க வேண்டும்.

டிராஃப்டில் உயர்ந்த சுற்றில் வந்தவருக்கு முன்னுரிமை உண்டா?

உண்டு, அது முழுக்கத் தவறும் இல்லை. முதல் வருடத்திலேயே அவரை விடுவித்தால் வேறு அணி எடுத்துக்கொண்டு போய்விடும். ஆனால் களத்தில் இறக்குவதற்கு டிராஃப்ட் சுற்றைப் பார்க்கக் கூடாது. 2023இல் கூப்பர் கப் காயத்தோடு முதல் நான்கு ஆட்டங்களுக்கு இல்லாதபோது ராம்ஸ் ஐந்தாம் சுற்றில் எடுத்த பூக்கா நாகுவாவை நம்பி இறக்கியது. முதல் ஆட்டத்தில் 10 பந்து, இரண்டாவதில் 15. அந்த சீசனை 1,486 யார்டோடு முடித்து, முதல் வருட வீரர்களுக்கான சாதனை படைத்தார்.

பயிற்சியாளரின் ஆட்டமுறை எண்ணிக்கையைத் தீர்மானிக்குமா?

பெரிய அளவில். சான் ஃபிரான்சிஸ்கோவில் கைல் ஷானஹன் கைல் யூஸ்செக் என்ற ஃபுல்பேக்கை (ரன்னிங் பேக்குக்கு முன்னால் வழி ஏற்படுத்துபவர்) ஆண்டுக்கணக்காக வைத்திருக்கிறார். அந்த இடம் வேறு எங்கிருந்தாவது வர வேண்டும், பல சமயம் ரிசீவர் பக்கமிருந்துதான் வரும். ஒரே பயிற்சியாளரே மாறுவதும் உண்டு. ஷான் மெக்வே 2018இல் ராம்ஸை ஏறக்குறைய எல்லா ஆட்டத்துண்டுகளிலும் மூன்று ரிசீவர்களோடு ஆடவைத்தார். 2025இல் அதே மெக்வே மூன்று டைட் எண்ட்களை அடிக்கடி ஒன்றாக இறக்கினார். நாகுவா, டவான்டே ஆடம்ஸ் என்ற இருவர் களத்தின் ஓரங்களில் நிற்கும்போது மூன்றாவது ரிசீவரின் தேவையே குறைந்துவிடுகிறது.

காயப் பட்டியல் மூலம் ஓர் இடத்தை மிச்சப்படுத்த முடியுமா?

முடியும். காயப் பட்டியலுக்குப் போனவர் குறைந்தது நான்கு ஆட்டங்கள் வெளியே இருக்க வேண்டும், பிறகு திரும்பலாம். முன்பு அப்படித் திரும்ப வேண்டுமென்றால் அவர் முதலில் 53இல் இடம் பிடித்திருக்க வேண்டும். 2024 முதல் குறைப்பு நாளிலேயே இரண்டு பேரை அந்த வழியில் அனுப்ப அனுமதி இருக்கிறது. செப்டம்பரில் ஐந்து, அக்டோபரில் ஆறு என்று எண்ணிக்கை மாறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஞாயிற்றுக்கிழமை எத்தனை ரிசீவர்கள் ஆட்ட உடை அணிவார்கள்?

பெரும்பாலும் ஐந்து. 53 பேர் இருந்தாலும் ஆட்டத்துக்கு 48 பேர்தான், அதுவும் குறைந்தது எட்டு லைன்மேன் இருந்தால். இல்லையேல் 47. ஸ்பெஷல் டீம்ஸ் ஆடாத ஆறாமவர் சாதாரண உடையில் ஓரத்தில் நிற்பார்.

சீசன் நடுவில் ஆள் வாங்கினால் ஆகாதா?

கன்சாஸ் சிட்டி சீஃப்ஸ் 2024இல் அப்படித்தான் சமாளித்தது. மார்க்கீஸ் பிரவுனுக்கு முதல் பயிற்சி ஆட்டத்திலேயே தோளில் காயம். நான்காம் வாரம் ரஷீ ரைஸின் முழங்கால் போனது. அக்டோபரில் டென்னஸியிடமிருந்து டிஆண்ட்ரே ஹாப்கின்ஸை வாங்கினார்கள். 15-2 என்று முடித்து சூப்பர் பவுல் வரை போனார்கள். ஆனால் பேட்ரிக் மஹோம்ஸும் டிராவிஸ் கெல்சியும் இருக்கிற அணிக்குப் புதியவர் ஒருவர் பொருந்துவது எளிது. இளம் குவார்ட்டர்பேக்கோடு திணறும் அணி இதை நம்பி ஆகஸ்டில் ஆள் குறைக்கக் கூடாது.

ரிசீவர் வேறு இடத்திலும் ஆடினால் கணக்கு மாறுமா?

நன்றாகவே மாறும். பேட்ரியட்ஸில் டிராய் பிரவுன் 2004இல் கார்னர்பேக்காகவும் ஆடினார், 2011இல் ஜூலியன் எடெல்மன் அதையே செய்தார். எடெல்மன் கல்லூரியில் குவார்ட்டர்பேக், ஏழாம் சுற்றில் வந்தவர், பன்ட் திருப்பி ஓடியே இடம் பிடித்தவர். பிறகு ஒரு சூப்பர் பவுலின் சிறந்த வீரரானார். கார்டரல் பேட்டர்சன் ரிசீவராக வந்து ரன்னிங் பேக்காக மாறினார். கிக்ஆஃபைத் திருப்பி ஒன்பது டச்டவுன் போட்டிருக்கிறார், அது என்எஃப்எல் சாதனை.

ஆனால் எதற்கும் எல்லை உண்டு. 2020 நவம்பரில் டென்வரின் குவார்ட்டர்பேக்குகள் எல்லோரையும் கோவிட் விதிகள் வெளியே உட்காரவைத்தபோது, கல்லூரியில் அந்த இடம் ஆடியிருந்த பிராக்டிஸ் ஸ்குவாட் ரிசீவர் கெண்டல் ஹின்டனை இறக்கினார்கள். ஒன்பது முறை எறிந்து ஒன்றுதான் சேர்ந்தது. ஒரு நாள் அவகாசத்தில் அந்தத் துணிச்சலைக் காட்டியவரை நான் மதிக்கிறேன். அப்படி ஒரு நிலைக்கு எந்த அணியும் ஆளைத் தயார்செய்து வைக்க முடியாது.

கடைசியாக, உங்கள் எண் என்ன?

ஐந்து பந்து பிடிப்பவர்கள், அதில் ஒருவராவது எக்ஸ், இசட் இரண்டும் ஆட வேண்டும். அவர்களில் குறைந்தது ஒருவர் கன்னராகவோ ரிட்டர்னராகவோ ஓட வேண்டும். ஸ்பெஷல் டீம்ஸில் முதல் தரமாக ஆடுபவர் இருந்தால் மட்டும் ஆறு. முதல் மூன்று பேரில் இருவர் முப்பதைத் தாண்டியவர்களோ அடிக்கடி காயப்படுபவர்களோ என்றால், ஆறாவது இடத்துக்கு ஸ்பெஷல் டீம்ஸ் நிபந்தனையைத் தளர்த்தி, உண்மையாகவே தொடக்க வீரராக ஆடக்கூடிய ஒருவரை வைப்பேன். ஏழு வேண்டாம். ஏழாவது ரிசீவருக்காக விடப்படும் ஒன்பதாவது லைன்மேனைத் தேடி அக்டோபரில் அலைய நேர்ந்தால், பந்து எறிய நேரமே கிடைக்காத குவார்ட்டர்பேக்குக்கு ஏழு ரிசீவர்களால் ஒரு பயனும் இல்லை.